ஊற்றாமலே விழுந்த கோடு

தவறுதலாகக் கிடைத்த நல்ல பெயரை ஒருவர் யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டிய பார்சல் நம் வீட்டுக்கு வந்துவிட்டால் வழி இருக்கிறது. கூப்பிட்டுச் சொன்னால் வந்து எடுத்துக்கொள்வார்கள். பெயர் அப்படியல்ல. அதை அனுப்பியவர் என்று ஒருவர் கிடையாது. பலபேர் சேர்ந்து, நல்லெண்ணத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மேனாம்பேட்டில் வசிக்கும் ஃபஸீலாவின் வாழ்க்கை இந்தக் கேள்விக்காகவே நடந்ததுபோலத் தோன்றும். அவரிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். தன் வாழ்க்கையில் கேள்வி எதுவும் இல்லை, பஸ்தான் நேரத்துக்கு வருவதில்லை என்பார்.

ஃபஸீலா பிறந்தது பூந்தமல்லியில். அவருடைய அத்தா உஸ்மான் கனி கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுபவர். ஆள் உட்கார்ந்து குளிக்கும் அளவுக்குப் பெரிய பிரியாணி தேக்சாக்கள் அவரிடம் உண்டு. ஒருநாள் காலை, பள்ளிக்கூடச் சீருடையில் வாசலைத் தாண்டிய மகள் வண்டியில் ஏற்றிய தேக்சா ஒன்றைச் சும்மா தொட்டாள். அன்று மாலைக்குள் இரண்டு புதிய கல்யாணங்கள் பேசி முடிந்தன. அதற்குப் பிறகு அவள் தொடாமல் எந்த வண்டியும் கிளம்பவில்லை. வியாபாரம் நன்றாக நடந்த நாள்கள் அத்தாவின் நினைவில் தங்கின. நடக்காத நாள்கள் தங்கவில்லை. கைராசி என்பதற்கு இதைவிட மேலான சான்று எந்தக் காலத்திலும் யாருக்கும் கிடைத்ததில்லை.

ஃபஸீலா பெண்கள் கல்லூரி ஒன்றில் உயிர்த்தொழில்நுட்பம் படித்து முதுகலை முடித்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஸ்பிரிங் செய்யும் பட்டறைக்கும் அட்டைப்பெட்டிக் கிடங்குக்கும் நடுவில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மாடியில் ஆய்வுக்கூடம், கீழே சரக்கு அனுப்பும் இடம். முதலாளி ரவிச்சந்திரன் ஒரு பெரிய மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். யாரையும் கடிந்து பேசத் தெரியாத நல்ல மனிதர். எதையும் வீணாக்கத் தெரியாதவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் அந்தக் குணத்துக்கு ஒரு வேலை இருக்கிறது.

அந்தக் கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே பொருள்தான். நம் ரத்தத்தில் காவல் காத்துத் திரியும் செல்களின் மேற்புறத்தில் ஏற்பி என்று ஒருவகைப் புரதம் இருக்கிறது. வெளியே நடப்பதை உள்ளே அறிவிக்கும் அழைப்புமணி போன்றது. ஒரு செல்லில் அது இருக்கிறதா என்று பார்க்க விரும்பும் ஆராய்ச்சியாளர்களுக்கு, அதை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்று தேவை. அதைத்தான் கம்பெனி விற்றது. எலியின் செல்களிலிருந்து உருவாக்கியது. சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பியில் ஒரு சொட்டுதான் இருக்கும். குப்பியின் மேல், ஆராய்ச்சிக்கு மட்டும், நோய் கண்டறிய அல்ல என்று அச்சிட்டிருக்கும்.

பயன்படுத்தும் முறை இது. செல்களைக் கரைத்து, அவற்றின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, தாளைப் போன்ற வெள்ளைச் சவ்வில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கண்டதெல்லாம் ஒட்டாமல் இருக்கச் சவ்வை முதலில் பால்பவுடர் கரைசலில் ஊறவைக்க வேண்டும். பிறகு ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். அது ஏற்பியைப் பிடித்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இரண்டாவதாக இன்னொன்றை ஊற்றுவார்கள். எலியின் ஆன்டிபாடி எங்கே இருந்தாலும் அங்கே போய் ஒட்டிக்கொண்டு நிறம் காட்டுவது இரண்டாவதின் வேலை. நிறம் ஏறிய இடத்தில் சவ்வில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்தால் ஏற்பி இருக்கிறது என்று பொருள். முதலாவதை நாம் பார்ப்பதேயில்லை. அதைப் பார்த்ததாக இரண்டாவது சொல்வதை நம்புகிறோம். உலகத்தில் பெரும்பாலான அறிவு இப்படித்தான் வந்து சேருகிறது என்பதால் இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை.

பொருள் வேலை செய்கிறது என்று காட்ட விலைப்பட்டியலில் ஒரு படம் வேண்டியிருந்தது. முறைப்படி மனிதச் செல்களை வளர்த்து எடுத்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த தெருவில் மருந்துகளைச் சோதிக்கும் கூடம் ஒன்று எலிகள் வளர்த்தது. சோதனை முடிந்த எலிகளின் மண்ணீரல் அவர்களுக்குக் குப்பை. ரவிச்சந்திரனைப் பொறுத்தவரை உலகத்தில் குப்பை என்று ஒன்று இல்லை. மனிதனுக்கும் எலிக்கும் அந்த ஏற்பி ஏறக்குறைய ஒன்றுதான் என்று எங்கோ படித்திருந்தார். மண்ணீரலோ காவல் செல்கள் நிரம்பிய உறுப்பு. வாங்கிவந்து கொடுத்தார்.

ஃபஸீலாவுக்கு முன்னால் இரண்டு பேர் முயன்று, மழைக்காலச் சுவர் போல ஒரு படத்தை எடுத்துவைத்திருந்தார்கள். ஃபஸீலா பொறுமையாக ஊறவைத்தார், பொறுமையாகக் கழுவினார். முதல் முயற்சியிலேயே வெள்ளைப் பின்னணியில், மை தொட்டு இழுத்ததுபோல, நேராக ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அவர் வேலை சுத்தமானது. அது உண்மை. இந்தக் கதையில் பின்னால் பொய்யாகிப்போன எதுவும் அதைத் தொடவில்லை.

"கைராசிம்மா உனக்கு," என்றார் ரவிச்சந்திரன்.

அந்த வார்த்தை பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து அம்பத்தூருக்கு வந்து சேர்ந்துவிட்டதை ஃபஸீலா கவனித்தார். மறுப்புச் சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்?

படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். அது வந்த விலைப்பட்டியல் ஒன்றை உஸ்மான் கனி கடையில் வைத்திருந்தார். மேனாம்பேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த ஜுல்ஃபிகருக்குப் பெண் பார்க்க வந்தபோது, அவனுடைய தாயார் மஹ்பூபாவிடம் பெருமையாக அதைத் திறந்து காட்டினார்.

"நம்ம பொண்ணு எடுத்தது."

மஹ்பூபா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "இன்னா பாய் இது, ஸ்கேனா? யாருக்கு?"

"எலிக்குங்க."

"எலி நல்லா கீதா?"

"அது செத்துப்போச்சுங்க."

"அல்லாவே," என்றார் மஹ்பூபா. ஆனால் மற்ற எல்லாம் பொருந்தியிருந்ததால் கல்யாணம் நடந்தது.

அதன்பின் வருடந்தோறும் தயாரான ஒவ்வொரு புதிய தொகுதியும் அதே மண்ணீரலில்தான் சோதிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் தேறியது. புதுக் குளிர்பெட்டி வந்தால் ஃபஸீலா சுவிட்சைப் போடவேண்டும். புதுக் கருவி வந்தால் முதல் சொட்டு அவர் கையால் விழவேண்டும். ஆய்வுக்கூடத்து டீயில்கூட ஊறவைக்க வாங்கிய பால்பவுடர்தான் கலக்கப்பட்டது. அதையும் ஃபஸீலா கலக்கினால் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டில் மஹ்பூபா எலுமிச்சை ஊறுகாய்க்கு உப்புப் போட மருமகள் வேலையிலிருந்து வரும்வரை காத்திருப்பார்.

பிறகு அந்த டிசம்பர் புயல் வந்தது. எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து பல நாள் வடியவில்லை. மின்சாரம் வருவதற்கு அதற்கும் மேலாயிற்று. ஒரு வருடத்துக்கான ஆன்டிபாடி இருந்த பெரிய புட்டி, கீழ்த்தளத்தில் இருந்த குளிர்பெட்டியோடு சேர்ந்து சாக்கடை நீரில் மிதந்திருந்தது. மூடி தளர்ந்திருந்தது. உள்ளே இருந்தது கலங்கியிருந்தது, லேசாக நாறியது. ரவிச்சந்திரன் அதைக் கொட்டச் சொல்லவில்லை.

"வடிகட்டிப் பாரும்மா. தெளிஞ்சா டெஸ்ட் பண்ணு. உன் கையால பண்ணு."

தெளிந்தது. சோதித்தார். அதே கோடு, மை தொட்டு இழுத்தது போல.

ரவிச்சந்திரனின் கண்கள் கலங்கிவிட்டன. வெள்ளத்திலும் வாடாதது என்று துண்டுப்பிரசுரம் அச்சாயிற்று. ஃபஸீலா தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் ஆனார். ஒரு தேர்வில் யாருமே தோற்காவிட்டால் நாம் மாணவர்களைப் புகழ்கிறோம். வினாத்தாளைப் பற்றி யோசிப்பதில்லை.

யோசிக்க வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. பூந்தமல்லிக்கு அப்பால், நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி பவ்யா. தர்மபுரிப் பக்கத்துப் பெண். திருநின்றவூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மனிதச் செல்களை வளர்த்து, இந்தக் கம்பெனியின் ஆன்டிபாடியை வாங்கி அதே ஏற்பியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மேடம், கோடே வரமாட்டேங்குது மேடம்."

"பால்பவுடர் எவ்வளவு நேரம் ஊறுது?"

"நீங்க போட்டிருக்கிறபடிதான் மேடம்."

"கழுவுறது?"

"அதுவும்தான்."

"எங்க கிட்ட நல்லா வருதேம்மா."

அது பொய்யில்லை. அவர்களிடம் வரத்தான் செய்தது. பவ்யா மறுபடியும் செய்தாள், மறுபடியும் கூப்பிட்டாள். ஃபஸீலா ஒவ்வொரு முறையும் அதே வாக்கியத்தைச் சொன்னார். போகப்போக அது தகவலாக இல்லாமல் தீர்ப்பாக மாறிக்கொண்டு வந்தது அவருக்குத் தெரியாது. பவ்யாவின் வழிகாட்டி பேராசிரியர் ராஜசேகரன் விலைப்பட்டியலைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டி, "இது பாரு, இதுதான் கை. உன் கைக்கு இது வராது போல," என்று முதலில் விளையாட்டாகச் சொன்னார். பிறகு விளையாட்டாக இல்லாமல் சொன்னார். மாதக் கடைசியில் ஆய்வுக்குழு கூடுகிறது, இந்த நிலையில் அவளுடைய பதிவை நீட்டிக்கச் சொல்லித் தன்னால் பரிந்துரைக்க முடியாது என்றார். பதிவு போனால் அவள் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். கோடு இழுக்கத் தெரியாதவள் என்ற பெயரும் கூடவே போகும்.

பவ்யா அந்த வாரமே அம்பத்தூருக்கு நேரில் வந்துவிட்டாள். கையில் ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டி, அதற்குள் அவளுடைய செல் கரைசல்.

"உங்க கையால செய்றத ஒருதடவ பாத்துட்டுப் போறேன் மேடம். நான் எங்க தப்புப் பண்றேன்னு தெரிஞ்சா போதும்."

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஃபஸீலா செய்தார். ஒரே சவ்வில் ஒருபுறம் கம்பெனியின் மண்ணீரல், மறுபுறம் பவ்யாவின் செல்கள். மண்ணீரலில் கறுப்புக் கோடு விழுந்தது. பவ்யாவின் பக்கம் வெறுமை.

"பாத்தியாம்மா," என்றார் எட்டிப்பார்த்த ரவிச்சந்திரன், ஆறுதலாக. "உன் கையில கோளாறு இல்ல. உன் செல்லுலதான். சந்தோஷப்படு."

பவ்யா சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. சவ்வையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், ஊத்தாத துண்டு எங்க?"

"எந்தத் துண்டு?"

"முதல் ஆன்டிபாடிய ஊத்தாம, ரெண்டாவத மட்டும் ஊத்தி ஒரு துண்டு பார்ப்போம்ல. நான் எப்பவும் போடுவேன்."

"சும்மா வெறுந்துண்டுல என்ன தெரியப்போகுது?" என்றார் ரவிச்சந்திரன். "நாங்க அதுக்கெல்லாம் சவ்வ வீணாக்குறதில்ல."

அவர் சொன்னது அந்தக் கூடத்தின் ஆதிநாள் முதலான வழக்கம். எதுவும் வராது என்று தெரிந்த இடத்தில் எதற்குப் பார்க்கவேண்டும்? நியாயமான கேள்விதான். இந்த வகை நியாயத்தில்தான் மனிதர்கள் பல வருடம் நிம்மதியாக வாழ்கிறார்கள்.

பவ்யா போனபின் ஃபஸீலா அன்று டீ குடிக்கவில்லை. மறுநாள் காலை மண்ணீரலை மட்டும் ஏற்றி, சவ்வை நடுவில் கத்தரித்தார். ஒரு பாதியில் ஆன்டிபாடி ஊற்றினார். மறுபாதியில் ஊற்றவில்லை. இரண்டாவதை இரண்டிலும் ஊற்றினார்.

இரண்டிலும் கோடு விழுந்தது. அதே இடத்தில், அதே கறுப்பில். பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது எது எது என்று அவருக்கே தெரியவில்லை. மூலையில் பென்சிலால் இட்ட குறியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

காரணம் எளியது. மண்ணீரலில் அந்த எலியின் சொந்த ஆன்டிபாடிகளே நிறைந்திருக்கும். இரண்டாவதாக ஊற்றுவது, எலியின் ஆன்டிபாடி எங்கே இருந்தாலும் ஒட்டிக்கொள்ளக்கூடியது. அது கம்பெனியின் பொருளைத் தேடிப் போகவேண்டிய அவசியமே இருக்கவில்லை. வீட்டுக்காரரே வாசலில் நிற்கும்போது விருந்தாளியை யார் விசாரிப்பார்கள்? எலியின் ஆன்டிபாடியின் எடையும் ஏறக்குறைய ஏற்பியின் எடையே என்பதால் கோடு எதிர்பார்த்த இடத்திலேயே விழுந்தது. சாக்கடையில் மிதந்ததை ஊற்றினாலும் விழும், தண்ணீரை ஊற்றினாலும் விழும். வருடக்கணக்காகச் சட்டத்துக்குள் தொங்கியது எலி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ்.

அன்று சாயங்காலம் ஜுல்ஃபிகர் பட்டறையிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தபோது ஃபஸீலா சொன்னார்.

"மச்சான், அந்தக் கோடு ஊத்தாமலே வருது."

"ஒண்ணுமே ஊத்தலியா?"

"ஊத்தல."

"சும்மாவே வந்துதா?"

"ஆமா."

ஜுல்ஃபிகர் துண்டால் கையைத் துடைத்தபடி மனைவியைப் பார்த்தான். "அப்ப நெஜமாவே கைராசிதாண்டி உனுக்கு!" என்றான். உள்ளே குரல் கொடுத்தான்: "ம்மா, உன் மருமவ இனிமே அரிசி போடாமலே சோறு ஆக்குவா!"

"ஆக்கட்டும், எனுக்கு மூட்டு வலி," என்றார் உள்ளேயிருந்து மஹ்பூபா.

ஃபஸீலாவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் ஜுல்ஃபிகர், "அந்தப் பொண்ணு இன்னாவாச்சு?" என்று கேட்டான்.

ரவிச்சந்திரன் இரண்டு துண்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "எது ஊத்துனது?" என்று கேட்டார். ஃபஸீலா காட்டினார்.

"அப்ப நம்ம சரக்கு டூப்ளிகேட்டா?"

"தெரியாது சார். அத நம்ம இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

வெள்ளத்துக்கு முன்னால் தயாரித்து, ரவிச்சந்திரன் வீட்டருகே இருந்த அவர் தம்பியுடைய ஐஸ்கிரீம் கிடங்கில் தற்செயலாகத் தங்கியிருந்த பழைய குப்பி ஒன்று இருந்தது. பவ்யா விட்டுவிட்டுப் போன மனிதச் செல் கரைசலில் ஃபஸீலா அதைச் சோதித்தார். வழக்கமான இடத்துக்குச் சற்று மேலே, அழிந்த பென்சில் கோடு போல மெலிதாக ஒன்று தெரிந்தது. ஊற்றாத பாதியில் எதுவும் இல்லை. வெள்ளத்தில் கிடந்த தொகுதியை ஊற்றிய துண்டிலும் எதுவும் இல்லை.

ஆக, கம்பெனி சொல்லிவந்தது உண்மையே. அவர்களுடைய ஆன்டிபாடி அந்த ஏற்பியைப் பிடிக்கத்தான் செய்தது, வெள்ளம் அதைக் கெடுக்கும்வரை. உண்மைக்கு அவர்கள் காட்டிவந்த சாட்சி மட்டும்தான் பொய். சரியான விடையைத் தவறான கணக்கில் கண்டுபிடித்த பையனுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்பது பழைய சிக்கல். ரவிச்சந்திரன் முழு மதிப்பெண்ணும் போட்டுவிட்டார்.

"யப்பா," என்று மூச்சுவிட்டார். "பயமுறுத்திட்டியேம்மா. சரக்கு நல்ல சரக்குதான? போட்டோதான தப்பு? வெள்ளத்துல மாட்டுன தொகுதிய மட்டும் சத்தமில்லாம மாத்திக் குடுத்துடலாம். அந்தப் பொண்ணுக்குப் புதுசா ஒண்ணு அனுப்பு, அன்பளிப்புன்னு போட்டு. அதுக்குக் கோடு வந்துடும். அது கை தேறிடுச்சுன்னு நெனச்சுக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"போட்டோ சார்?"

"போட்டோ என்ன சொல்லுது? வேலை செய்யுதுன்னு சொல்லுது. வேலை செய்யுதா இல்லியா?"

"செய்யுது."

"அப்புறம் என்ன? இந்த அழிஞ்ச கோட்ட மாட்டுனா எவன் வாங்குவான்?"

"புது தொகுதி தயாராக மாசக்கணக்காகும் சார். அவளுக்கு மாசக் கடைசியில குழு கூடுது."

ரவிச்சந்திரன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாவம்," என்றார். "ஆனா அதுக்கு நம்ம என்ன பண்ண முடியும்?"

என்ன பண்ண முடியும் என்பது இருவருக்கும் தெரியும். பழைய குப்பியில் மிச்சம் எதுவும் இல்லை, ஆகவே கோட்டைக் கொடுத்து பவ்யாவைக் காப்பாற்ற வழியில்லை. படம் தவறு என்று யாராவது போய்ச் சொன்னால்தான் அவளுடைய வெறுமை சரி என்று ஆகும். அந்தப் படத்தை எடுத்தவர் ஃபஸீலா. எங்க கிட்ட நல்லா வருதே என்று அத்தனை முறை சொன்னவரும் அவரே.

குழு கூடிய நாள் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஆவடி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் போனார். யாரும் அவரை அழைக்கவில்லை. வாசலில் பவ்யாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போய், மேசைமேல் இரண்டு துண்டுகளை வைத்தார்.

"சார், இதுல எங்க ஆன்டிபாடிய ஊத்தியிருக்கு. இதுல ஊத்தல."

ராஜசேகரன் குனிந்து பார்த்தார். குழுவிலிருந்த மற்ற இருவரும் பார்த்தார்கள்.

"நீங்க யாரு?"

"விலைப்பட்டியல்ல இருக்கிற போட்டோவ எடுத்தவ சார். அது தப்பு. இப்ப விக்கிற தொகுதி வெள்ளத்துல கெட்டுப்போச்சு. அதுல யாருக்கும் கோடு வராது. இந்தப் பொண்ணுக்கு வராததுதான் சரி."

பேராசிரியர் நிமிர்ந்து, கல்வியில் நீண்டகாலம் இருந்தவர்கள் அடையும் ஒருவித நிதானத்தோடு, பவ்யாவின் பக்கம் திரும்பினார். "ஊத்தாத துண்டு ஒண்ணு நீ போட்டிருந்தா இது அப்பவே தெரிஞ்சிருக்குமே. ஏன் போடல?"

"போட்டேன் சார்," என்றாள் பவ்யா. "ஒவ்வொரு தடவையும் போட்டேன். ஊத்துனதுலயும் ஒண்ணும் வரல, ஊத்தாததுலயும் ஒண்ணும் வரல. ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு காட்டுனேன். நீங்கதான் சார், ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா கை சரியில்லன்னு அர்த்தம்னீங்க."

குழுவிலிருந்த ஒருவர் இருமினார். பதிவு நீட்டிக்கப்பட்டது. வழிகாட்டியின் அயராத மேற்பார்வையால் ஒரு வணிகப் பொருளின் குறைபாடு வெளிப்பட்டதாகக் குழு பதிவுசெய்தது.

வெளியே வந்த பவ்யா ஃபஸீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தாள், அழுதுவிட்டாள். ஃபஸீலா தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, பஸ் வந்துவிடும் என்றார்.

வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் மறுநாள் கம்பெனிக்குப் போனார். ரவிச்சந்திரன் அவரைப் பார்த்ததும் தன் அறைக்குள் போய்விட்டார். குழுவில் நடந்தது வெளியே பரவி, அந்த வாரமே ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் கூப்பிட ஆரம்பித்தன. திட்டப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் ரவிச்சந்திரன் முதலில் எடுத்தார். அவர்களோ பாராட்டினார்கள். தன் தவறைத் தானே வந்து சொல்லும் கம்பெனியை இதுவரை பார்த்ததில்லை என்றார்கள். சிலர், தங்களுக்கும் கோடு வரவில்லை, வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது என்றார்கள். விற்பனைப் பிரிவில் வளர்ந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கெட்ட தொகுதியை எல்லோரிடமிருந்தும் திரும்பப் பெற்றார். அழிந்த பென்சில் கோட்டின் படத்தையே விலைப்பட்டியலில் போட்டு, உள்ளதை உள்ளபடி காட்டுகிறோம் என்று கீழே எழுதினார். வரவேற்பறையிலிருந்து பழைய படத்தைக் கழற்றினார். அந்த இடத்தில், ஃபஸீலா கத்தரித்த இரண்டு துண்டுகளும் பெரிதாக்கப்பட்டு, புதுச் சட்டத்துக்குள் ஏறின.

ஆர்டர்கள் குறையவில்லை. கொஞ்சம் கூடின.

இதோடும் நிற்கவில்லை. புதுச் சோதனை ஆரம்பிக்கும் மாணவர்கள் அம்பத்தூருக்கு வர ஆரம்பித்தார்கள். சவ்வை எப்படிக் கத்தரிப்பது என்று கற்றுக்கொள்ள என்றுதான் சொன்னார்கள். ஆனால் முதல் துண்டை ஃபஸீலா மேடமே வெட்டித் தந்தால் நன்றாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். "அவங்க வெட்டிக் குடுத்தா ஊத்தாததுல சுத்தமா ஒண்ணும் வராதாம்," என்று ஒரு பையன் இன்னொருவனிடம் படிக்கட்டில் சொல்லிக்கொண்டு போனது ஃபஸீலாவின் காதில் விழுந்தது. ராசி என்று எதுவும் இல்லை என்று காட்டிய கையே இப்போது ராசியான கை. திருப்பிக் கொடுக்கப் போன பெயர், போட்ட முகவரியைத் தட்டிக்கழித்து, இன்னும் கனமாகி வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்கு ஃபஸீலா தகுதியானவரா என்று கேட்டால், முன்பைவிட இப்போது கொஞ்சம் தகுதியானவர் என்றுதான் சொல்லவேண்டும். அதற்குமேல் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அரைநாள் விடுப்பில் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டு வருவது பெரிய காரியமாகத் தோன்றுமளவுக்கு மற்ற எல்லோரும் அதைச் செய்யாமல் இருந்தார்கள் என்பதும் அந்தப் பெயரில் அடக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், தொழுகைநேரம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ரவிச்சந்திரன் அறிவித்தார். ஆய்வுக்கூடம் முழுவதற்கும் இனி ஃபஸீலாதான் தலைமை. கல்லூரிகளுக்குப் பயிற்சி வகுப்பும் அவரே நடத்துவார். மாடியில் கண்ணாடித் தடுப்பு போட்டுத் தனி அறை. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஃபஸீலா டம்ளரைக் கீழே வைத்தார். "சார், டெஸ்பாட்ச்ல ஆள் இல்லன்னு சொன்னீங்களே."

"ஆமா, அந்தப் பையன் நின்னுட்டான். அதுக்கென்ன?"

"நான் அங்க போறேன்."

ரவிச்சந்திரன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "விளையாடுறியா? ஏம்மா, யாராவது எதாவது சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"சம்பளம் போதலியா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் ஏன்?"

ஃபஸீலா எல்லோருடைய டம்ளர்களையும் சேர்த்தெடுத்துக் கழுவப் போனார். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அவரை மாற்ற எல்லோரும் முயன்றார்கள். பவ்யா தொலைபேசியில் நெடுநேரம் பேசினாள். உஸ்மான் கனி பூந்தமல்லியிலிருந்து கிளம்பி வந்து மகளுக்கு முன்னால் உட்கார்ந்து, வந்த காரியத்தைக் கேட்காமலே டீ குடித்துவிட்டுப் போனார். ஜுல்ஃபிகர் ஒருமுறை கேட்டான். "அங்க ராசி வேணாம் மச்சான், விலாசம் சரியா இருந்தா போதும்," என்ற பதிலைக் கேட்டு, "சரி வுடு," என்றான்.

திங்கட்கிழமை காலை அவர் மாடி ஏறவில்லை. கீழே சரக்கு அனுப்பும் மேசைக்குப் போனார். முந்தானையைச் செருகிக்கொண்டு, தெர்மோகோல் பெட்டிகளைத் திறந்து, குப்பிகளை வைத்து, சுற்றிலும் ஐஸ் பைகளை அடுக்கி, மூடி, டேப் ஒட்டி, விலாசம் ஒட்ட ஆரம்பித்தார். இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார்.